மூன்றுக்கு அப்புறம் எட்டு

செப்டம்பர் 28
ஹாங்காங். இரவு அறைக்கு வந்து சேர்ந்தோம். பதினாலாவது மாடி. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே துறைமுகம் ஒரு கீற்று தெரிகிறது. பயல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கப்பல் எண்ணுகிறான். அக்கா சுவர்ப் பக்கக் கட்டிலை எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 29
பகல் முழுக்க ஸ்டார் ஃபெர்ரி. சிம் ஷா சூயில் ஏறினால் பத்து நிமிஷத்துக்குள் எதிர்க்கரை, சென்ட்ரல். பச்சையும் வெள்ளையுமான பழைய படகுகள். இருக்கையின் சாய்வுப் பலகையைத் தள்ளினால் எதிர்ப்பக்கம் மடங்குகிறது. படகைத் திருப்பும் வேலையே இல்லை, இரண்டு முனையும் முன்பக்கம்தான். பயல் எல்லாப் பலகையையும் மடக்கிப் பார்த்தான். 1888-ல் இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக்காரர், தோராப்ஜி நவ்ரோஜி. அதைச் சொன்னதும் பயலுக்குப் பெருமை தாங்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால்தான் குயின்ஸ் ரோடு வருகிறது. ஒரு காலத்தில் அதுதான் கரை. கடலைத் தூர்த்துத் தூர்த்தே இவ்வளவு நிலம் எடுத்திருக்கிறார்கள். இனி வேண்டாம் என்று 1997-ல் சட்டமே போட்டார்கள்.

அக்கா படகில் ஏறவில்லை. மணிக்கூண்டுக்குக் கீழே, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 30
ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எண் 1.

பார்த்ததும் புரிந்துவிட்டது. தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இங்கே 1, 3, 8, 9, 10. புயல் 800 கிலோமீட்டருக்குள் வந்தால் 1. மூன்றுக்கு அப்புறம் நேராக எட்டு ஏன் என்று பயல் கேட்டான். முன்பு 5, 6, 7, 8 நான்கும் ஒரே வேகக் காற்றுக்குத்தான், திசை மட்டும் வேறு. எண் கூடினால் காற்றும் கூடும் என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதே. அதனால் 1973-ல் நான்கையும் எட்டாக்கி, பக்கத்தில் திசையைப் போட்டுவிட்டார்கள்.

அக்கா பலகையைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரியும்.

அக்டோபர் 1
3.

தேசிய நாள் வாணவேடிக்கை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பயல் முகம் தொங்கிப்போயிற்று.

நாதன் ரோடு பள்ளிவாசல் பக்கம் நடந்தபோது நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒரு பெரியவர் நின்றார். காயல்பட்டினம். ரத்தின வியாபாரத்துக்காக அந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து எவ்வளவோ காலமாகிறது. தூத்துக்குடி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு ஏத்துனா ஃபெர்ரி, பஸ் எல்லாம் நின்னுரும். ரொட்டி, பால் இப்பவே வாங்கி வச்சுக்குங்க. பயப்படாதீங்க, ஏத்துறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே சொல்லிருவாங்க."

அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள். "கடலுக்குள்ள இருக்கிறவங்களுக்கும் சொல்லுவாங்களா?"

"படகெல்லாம் உள்ள வந்துட்டும்மா."

பெரியவர் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

பின்னிரவு. தூக்கம் வரவில்லை. யாவ் மா டே புயல் ஒதுங்குதுறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1906 செப்டம்பர் 18 அன்று இங்கே அடித்த புயலில் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்று கணக்கு. பெரும்பாலும் படகிலேயே குடித்தனம் நடத்தியவர்கள். எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே அவகாசமே இல்லை. அதற்குப் பிறகுதான் படகுகள் ஒதுங்குவதற்கென்று அலைதடுப்புச் சுவர் எழுப்பி இந்தத் துறையைக் கட்டினார்கள். முடிந்தது 1915-ல். செத்தவர்களுக்கு அது உதவவில்லை. ஆனால் கட்டினார்கள். அதிலேயே மனசு போய் நிற்கிறது.

அத்தான் படகு தூத்தூரிலிருந்து கிளம்பி நாளாகியிருந்தது. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலையில் ஒக்கி புயல். ஆழ்கடலில், கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடப்பவனுக்குக் கூண்டு எதற்கு? ஒன்று ஏற்றினால் என்ன, பத்து ஏற்றினால் என்ன? அவன் காதுக்குப் போய்ச் சேராத எச்சரிக்கையை எச்சரிக்கை என்றே நான் சொல்ல மாட்டேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

அக்கா தூங்கவில்லை. செபமாலை மணி நகரும் சத்தம் கேட்கிறது.

அக்டோபர் 2
பத்தரைக்கு அறிவிப்பு வந்தது. பன்னிரண்டரைக்கு 8, வடகிழக்கு. பெரியவர் சொன்ன மாதிரியே ரெண்டு மணி நேரம். அதற்குள் கடைகளில் கீரை, முட்டை எல்லாம் காலி. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டினார்கள். அப்புறம் தெருவில் ஒரு ஆள் இல்லை.

மாலை. மழை பக்கவாட்டில் அடிக்கிறது. கட்டடம் லேசாக முனகுகிறது. டிவியில் எது ஓடினாலும் மூலையில் அந்த எண் நிற்கிறது. அக்கா படத்தைப் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்க்கிறாள்.

"அந்த நம்பரை ஏத்துறது யாரு?"

வானிலை ஆய்வகம், 1883-லிருந்து இருக்கிறது, இங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்றேன்.

"ராத்திரியும் முழிச்சிருப்பாங்களா?"

"இருப்பாங்க அக்கா."

"நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போ."

மலை உச்சி வேண்டாம், டிஸ்னிலேண்ட் வேண்டாம். வந்ததிலிருந்து அவள் கேட்ட ஒரே இடம்.

9 ஆகவில்லை. ராத்திரி ஒரு மணி வரை பார்த்தாயிற்று.

அக்டோபர் 3
காலையில் 3. மத்தியானம் 1. ஆய்வகம் நாதன் ரோட்டை ஒட்டி, மரங்கள் அடர்ந்த சின்ன மேட்டின் மேல். ரோடெல்லாம் ஒடிந்த கிளை. சும்மா வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. காவலாளியிடம் அக்கா தமிழிலேயே என்னமோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை. அவரும் தலையாட்டினார்.

திரும்பும் வழியில் அக்காவுக்குப் பசித்தது. இரண்டு தட்டுச் சோறு.

அக்டோபர் 4
ராத்திரி விமானம். இன்னும் ஒரு தடவையாவது ஃபெர்ரி என்று பயல் உயிரை எடுக்கிறான். இன்றைக்கு நம்பர் என்ன என்றாள் அக்கா. ஒன்றும் இல்லை, எல்லாம் இறக்கிவிட்டார்கள் என்றேன். நம்பாமல் போனை வாங்கித் தானே பார்த்தாள்.

"சரி, போயிட்டு வாங்க. பதினோரு மணிக்குள்ள வந்துரணும். பெட்டி கட்டணும்."