ஓசியில வந்த அலை

எங்க ஹால் சுவத்துல, சோபாவுக்கு மேல, ஒரு ஓதக்கறை இருக்கு. குடி வந்தப்போ உள்ளங்கை சைஸ்ல இருந்துச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வளந்து இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா ஒட்டகம் மாதிரியும் அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா எங்க பழைய மேனேஜர் மாதிரியும் ஆயிடுச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட எப்ப சொன்னாலும் "பாத்துக்கலாம் சார்"ம்பார். மூணு வருஷமா நாங்கதான் பாத்துக்கிட்டு இருக்கோம், தினமும், எதிர்ல உக்காந்து.

வீட்டம்மாவுக்கு வாரத்துல பாதி நாள் வீட்லேர்ந்துதான் வேலை. ஒருநாள் வீடியோ மீட்டிங்ல யாரோ ஒருத்தர் "உங்க பின்னாடி இருக்குறது எந்த நாட்டு மேப்?"னு கேட்டுட்டாராம். அவ்ளோதான், அன்னைக்கு ராத்திரியே உத்தரவு வந்துடுச்சு. "ஏங்க, அந்த சுவத்துல பெருசா ஒரு படம் மாட்டணும், கறை தெரியவே கூடாது, அதுக்குன்னு காச கரியாக்கிடாதீங்க." ரெண்டாவது பாதியைத்தான் நான் ரொம்ப சீரியசா எடுத்துக்கிட்டேன், வந்த வினையெல்லாம் அங்கேர்ந்துதான்.

ஆன்லைன்ல பாத்தா கேன்வாஸ்ல மூணு இலை ஒரு வட்டம், அதுக்கு அவங்க கேக்குற காசுக்கு நான் நெஜமாவே மரம் வச்சு தண்ணி ஊத்தி வளத்துடலாம். சரி ஃப்ரீயா ஏதாவது கெடைக்குமான்னு தேடப்போகத்தான் ஒரு புதையல் மாட்டுச்சு. பெரிய பெரிய மியூசியமெல்லாம் தங்ககிட்ட இருக்குற ஓவியங்கள நல்ல ரெசல்யூஷன்ல எடுத்துக்கங்கப்பான்னு தொறந்து விட்டிருக்காங்க. ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ரைக்ஸ்மியூசியம் 2012லயே ஆரம்பிச்சிடுச்சாம், நியூயார்க் மெட் மியூசியம் 2017 பிப்ரவரில 3,75,000 படத்த ஒரேயடியா விட்டிருக்கு, 2018ல சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், 2020ல ஸ்மித்சோனியன் 28 லட்சம். சிசி ஜீரோன்னு ஒரு முத்திரை போட்டிருந்தா போதும், எடுத்துக்கலாம், பிரிண்ட் போடலாம், யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேணாம். (இது எல்லாருக்கும் பொருந்தாது. பிகாசோ இறந்ததே 1973லதான், அவர் மாதிரி ஆளுங்க படமெல்லாம் இன்னும் காப்புரிமையிலதான் இருக்கு. வலையில கெடக்குறதாலயே அது ஓசி ஆயிடாது.)

இவ்ளோ படத்த ஓசியில குடுத்தா மனுஷன் என்ன ஆவான்? மூணு ராத்திரி தூங்கல. போல்டர்ல 214 படம் சேந்துடுச்சு. மாட்டப்போறது ஒரு சுவரு, அதுலயும் ஒரு மூலை. நாலாவது நாள் குடும்பத்தைக் கூட்டி ஓட்டெடுப்பு வச்சேன். அம்மா "பூ படம் போடுடா, கண்ணுக்கு நல்லாருக்கும்"னாங்க, அதுக்கு ரெடூட்டேன்னு பெல்ஜியத்துல பொறந்து பிரான்ஸ்ல இருந்த ஒருத்தர் வரைஞ்ச ரோஜா. பொண்ணுக்கு ஜெல்லிமீன்தான் வேணுமாம், ஹெக்கல்னு ஒரு ஜெர்மன் உயிரியல்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜெல்லிமீன ஷாண்ட்லியர் மாதிரி வரைஞ்சு வச்சிட்டுப் போயிருக்கார். எனக்கு வெர்மீர்னு ஒரு டச்சுக்காரர் வரைஞ்ச, பால் ஊத்துற ஒரு அம்மா. வீட்டம்மா மட்டும் ஒரே பார்வையில ஹோகுசாய்ங்கிற ஜப்பான்காரரோட பேரலையக் காட்டி "இதான், இது அகலமா இருக்கு, கறைய மூடிடும்"னு முடிச்சிட்டா. கலை ரசனைன்னா அப்படி இருக்கணும்.

இப்ப பிரிண்ட். வீட்ல ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கு, பொண்ணு ப்ராஜெக்டுக்குன்னு வாங்கினது, வருஷத்துல பத்து மாசம் துணி போத்திக்கிட்டு தூங்கும். அலையக் குடுத்தேன். வந்துச்சு பாருங்க, அது அலை இல்ல, மொசைக் தரை. என்னடான்னு பாத்தா நான் டவுன்லோட் பட்டனயே அமுக்கல, தேடுற பக்கத்துல குட்டியா தெரியுமே, அதுமேல ரைட் க்ளிக் பண்ணி சேவ் பண்ணிருக்கேன். 600க்கு 400 பிக்சல். நல்லா தெளிவா வரணும்னா இன்ச்சுக்கு 300 பிக்சல் வேணும், அந்தக் கணக்குக்கு என் அலை ரெண்டு இன்ச் அகலம்தான் தாங்கும், தபால் தலைய விட கொஞ்சம் பெருசு. ஏ4க்கே 2480க்கு 3508 வேணுமாம். 214 படத்துல எத்தனை இப்படின்னு எண்ணினேன். 190. மூணு ராத்திரியும் தபால் தலைதான் சேத்திருக்கேன்.

திரும்ப ஒழுங்கா டவுன்லோட் பண்ணேன். இந்த தடவ ஃபைல் நல்லா பெருசா இருக்கவும் எனக்குள்ள இருந்த இன்ஜினியர் எந்திரிச்சிட்டான். பிடிஎஃப்ல போஸ்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஒரு படத்த பல தாள்ல துண்டு துண்டா அடிச்சுக் குடுக்கும், நாம ஒட்டிக்கணும். ஒம்போது ஏ4 தாள், மூணுக்கு மூணு, கிட்டத்தட்ட மூணடி அகலம், ஒட்டகம் மேனேஜர் ரெண்டு பேரும் காலின்னு கணக்குப் போட்டேன். பிரிண்டர் சும்மா இருக்குமா, தாள் ஓரம் வரைக்கும் அடிக்க அதுக்கு வராது, ஒவ்வொரு தாளுக்கும் சுத்தி வெள்ளையா பார்டர் விட்டுருச்சு. ராத்திரி ஒரு மணிக்கு தரையில உக்காந்து கத்தரிக்கோலால ஓரத்த வெட்டி பசை தடவி ஒட்டுறேன், 80 ஜிஎஸ்எம் மெல்லிசு தாளு, நீல மை குடிச்சு குடிச்சு அப்பளமா வளையுது. அந்தப் படத்துல மூணு படகு இருக்கும். முதல் ரெண்டு தப்பிச்சிடுச்சு, மூணாவது சரியா தாள் முடியற எடத்துல மாட்டிக்கிச்சு, முன்பாதி அரை இன்ச் மேல, பின்பாதி அரை இன்ச் கீழ. பாவம் அந்த துடுப்பு போடுறவங்க, அலைக்கு தப்பினாலும் எனக்குத் தப்பல.

காலைல அம்மா வந்து பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "கட்டம் கட்டமா இருக்கே, பாத்ரூம் டைல்ஸாடா?"ன்னாங்க.

அந்த ஒம்போது தாளு பண்ணின வேலை அதோட நிக்கல. பேரலைன்னா முக்காவாசி நீலம், பிரிண்டர்ல சயான்னு இருக்குற நீல மை மொத்தத்தையும் உறிஞ்சிடுச்சு. அது தெரியாம நான் வெர்மீர அனுப்பினேன், அந்த அம்மாவோட நீல ஏப்ரன் ரோஸ் கலர்ல வெளிய வருது. சயான் இல்லன்னா நீலத்துல மிச்சம் மெஜந்தா தானே. நான் என்னவோ மை அடைச்சிக்கிச்சுன்னு நெனச்சு ஹெட் க்ளீனிங் குடுத்தேன், ஒரு தடவ இல்ல மூணு தடவ. க்ளீனிங் பண்றதே இருக்குற மைய துப்பித்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மஞ்சளும் போச்சு. புது கார்ட்ரிட்ஜ் செட் வெலைய பாத்தேன், அந்த பிரிண்டரையே திரும்ப வாங்குற வெலைக்கு கொஞ்சம்தான் கம்மி. வீட்டம்மாகிட்ட சொல்லல. இத படிச்சா தெரிஞ்சுக்குவா.

மானத்த விட்டு ஒரு பிரிண்ட் கடைக்கு பென்டிரைவ் எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க இருந்த தம்பி ஃபைல திறந்து பாத்துட்டு "சார், இதோட ஒரிஜினல் என்ன சைஸ் தெரியுமா?"ன்னான். எனக்கு என்னமோ சுவர் அகலத்துக்கு இருக்கும்னு நெனப்பு. அவனே தேடிக் காட்டினான், 25 சென்டிமீட்டருக்கு 37 சென்டிமீட்டர் சொச்சம், ஏ3 தாளுக்குள்ள தாராளமா அடங்கிடும். அது ஓவியமே இல்லயாம், மரக்கட்டையில செதுக்கி அச்சு போட்டது, 1831 வாக்குல, ஆயிரக்கணக்குல அடிச்சு சாதாரண ஜனங்களுக்கு வித்திருக்காங்க. அதாவது ஒரிஜினலே ஒரு பிரிண்ட் அவுட்தான். எனக்கு அப்பதான் மனசு ஆறுச்சு. அவர் காலத்துல ஜனம் வாங்கி சுவத்துல ஒட்டினதத்தான் நானும் ஒட்டப்போறேன், என்ன, ஒம்போது துண்டா ஒட்டினேன்.

200 ஜிஎஸ்எம் தடிமனான மேட் பேப்பர்ல ஏ3 ஒண்ணு எடுத்தோம். க்ளாஸி வேணாம் சார், ட்யூப்லைட்டு மூஞ்சி தெரியும்னு அவனே சொல்லிட்டான், நல்ல பையன்.

ஃப்ரேமுக்கு காசு செலவு பண்ற எண்ணமே இல்ல. பரண்ல பழசு நாலு கெடந்துச்சு, என்னோட கட்டுரைப் போட்டி பங்கேற்பு சான்றிதழ் உட்பட. (பரிசு இல்ல, பங்கேற்பு. அத ஃப்ரேம் போட்டது எங்கப்பா.) ஆனா ஃப்ரேம் உலகம் இன்ச்சுல ஓடுது, பேப்பர் உலகம் ஏ4 ஏ3ன்னு ஓடுது, ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது. எட்டுக்கு பத்து ஃப்ரேம்ல ஏ4ல அடிச்ச ரோஜாவ நுழைச்சா கீழ ஒண்ணரை இன்ச்சுக்கு மேல வெட்டணும், அம்மாவோட ரோஜாவுக்கு காம்பு போச்சு. கடையில திருப்பி எடுத்த வெர்மீர் இன்னும் மோசம், அந்த ஓவியம் கிட்டத்தட்ட சதுரம், அத நெட்டுக்குத்தா இருக்குற ஃப்ரேமுக்கு வெட்டினதுல இடது பக்க ஜன்னலக் காணோம், ஜன்னல் இல்லாததால அந்த அம்மா மேல வெளிச்சம் எங்கேர்ந்து விழுதுன்னே தெரியல. பொண்ணு கேட்டா, "அப்பா, இவங்களுக்கு கரண்ட் இருந்துச்சா?" ஜெல்லிமீன் மட்டும் கச்சிதமா பொருந்துச்சு, ஜெல்லிமீன எங்க வெட்டினாலும் ஜெல்லிமீன்தான்.

பேரலைக்கு மட்டும் கடைசில புது ஃப்ரேம் வாங்க வேண்டியதாப் போச்சு. சுத்தி வெள்ளை மவுண்ட் போர்டு வச்சா சின்னப் படமும் பெருசா தெரியும்னு ஃப்ரேம் போடுறவர் சொன்னாரு, வாஸ்தவம்தான், ஏ3 படம் அதுக்கு அடுத்த பெரிய சைஸ் ஏ2 கெத்துல வந்து நின்னுச்சு. இதுவரைக்கும் ஆன செலவ நான் எங்கயும் கூட்டிப் பாக்கல, கூட்டிப் பாக்காத வரைக்கும் இது ஓசிதான்.

மாட்டுறது இருக்கே. ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் ஆர்டர். ஒட்டுற கொக்கி வாங்கி ஒட்டினேன். மியூசியத்துலயெல்லாம் படத்தோட நடுப்பகுதி தரையிலேர்ந்து 57 இன்ச் உயரத்துல வர்ற மாதிரி மாட்டுவாங்களாம், பாக்குறவங்க கண்ணுக்கு நேரா இருக்கும்னு. எங்க கறைக்கு இந்த ரூல் தெரியாது, அது 65ல உக்காந்திருக்கு. சரின்னு அதுக்கே மரியாதை குடுத்து மாட்டிட்டு படுத்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு தடால். ஓதம் அடிச்ச சுவத்துல பசை எப்படிங்க நிக்கும், கொக்கி பெயின்ட்டு சுண்ணாம்பு எல்லாத்தையும் உரிச்சுக்கிட்டு வந்து சோபாவுல குப்புற கெடக்கு. கண்ணாடி உடையல, அது ஒண்ணு. கறைக்கு நடுவுல இப்ப புதுசா ஒரு வெள்ளைத் தீவு வேற.

அப்புறம் முன்னாடி குடியிருந்த புண்ணியவான் எப்பவோ மேல அடிச்சிருந்த ஒரு ஆணியிலேர்ந்து நீளமா கம்பி விட்டு தொங்கவிட்டேன். நின்னுச்சு. கறை அப்படியே பின்னாடி போயிடுச்சு, ஒரு பொட்டு தெரியல. அடுத்த மீட்டிங்ல யாரோ "வாவ், எங்க வாங்கினீங்க?"ன்னாங்களாம், நம்ம ஆளு கூசாம "ஜப்பான்"னுட்டா. அம்மா மட்டும் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்னு பாத்துட்டு "தண்ணி வடியிற சுவத்துல தண்ணி படத்தையே மாட்டிருக்கான்"னு யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போவாங்க.

ரெண்டு மாசம் மழை. படத்துல ஏதோ மாறிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு, கிட்டப் போய் பாத்தா ஓதம் ஏறி பேப்பர் உள்ளுக்குள்ளயே அலை அலையா எழும்பியிருக்கு, படத்துல தூரத்துல தெரியுற ஃபியூஜி மலைக்கு மேல வானத்துல பூஞ்சை புள்ளி புள்ளியா பனி கொட்டுது. கறையும் சும்மா இல்ல, ஃப்ரேமத் தாண்டி வலது பக்கம் ஒரு முழம் வெளிய வந்து விரிஞ்சு நிக்குது.

அந்த நேரம் பாத்து ஓனர் வந்தாரு, என்னமோ மீட்டர் பாக்கணும்னு. இன்னைக்கு விடக் கூடாதுன்னு கையப் புடிச்சு ஹாலுக்கு கூட்டிட்டு வந்து நிறுத்தி "பாருங்க சார்"ன்னேன். மனுஷன் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"பிரமாதம் சார். அலை ஃப்ரேம விட்டு வெளிய தெறிக்கிற மாதிரி சுவத்துலயும் பெயின்ட் பண்ணிருக்கீங்களே, நீங்களே வரைஞ்சதா?"

நான் வாயத் திறக்குறதுக்குள்ள மீட்டர் பாக்கக் கெளம்பிட்டாரு. வீட்டம்மா எதுவும் பேசல. உள்ள போய் இன்ச் டேப் எடுத்துக்கிட்டு வந்து சோபா மேல ஏறி நின்னு கறைய இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு அளந்தா.

"ஏங்க, ஏ1ன்னா எவ்ளோ வரும்?"