ஈம் கிராமத்தின் எல்லைக்கல் வரை: ஒரு ஜியோகேஷிங் அனுபவம்

இங்கிலாந்தின் டர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்கு நடுவே உள்ள ஈம் கிராமத்தின் வரலாற்றை ஜியோகேஷிங் (ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் எனும் இடங்காட்டும் கருவியைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) வழியாக அறிந்துகொள்ளும் முயற்சி இப்போது பாதி வழியைக் கடந்திருக்கிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். இந்தப் பொழுதுபோக்கு அப்படித்தான் பிறந்தது. நான் தேடுவது பலநிலை வகையைச் சேர்ந்த பெட்டி. ஒவ்வோர் இடத்திலும் கல்லிலோ பலகையிலோ பொறித்திருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு சூத்திரத்தில் இட்டால்தான் அடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கும் என்பதால், எந்தக் கல்வெட்டையும் அரைகுறையாகப் படித்துவிட்டு நகர முடிவதில்லை.

லண்டனிலிருந்து ஈமுக்கு வந்த துணிக்கட்டில் இருந்த தெள்ளுப்பூச்சிகளே கொள்ளைநோயைக் கொண்டுவந்தன என்பது ஊரார் வழிவழியாகச் சொல்வது. அந்தத் துணியைக் கையாண்ட ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு கோடையில் நோய் முற்றியபோது, பாதிரியார் வில்லியம் மொம்பெசனும் அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் எடுத்துச் சொன்னதை ஏற்று, நோய் அண்டை ஊர்களுக்குப் பரவாதிருக்க ஊர் மக்கள் தங்கள் எல்லையைத் தாங்களே மூடிக்கொண்டனர். மாண்டவர்கள் ஏறத்தாழ 260 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

தேவாலயச் சுவரில் உள்ள 1775ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரத்தையும், 1666 ஆகஸ்டில் இறந்த மொம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறையையும் பார்ப்பதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே வயல்வெளியில் இருக்கும் ரைலி கல்லறைகளில்தான் நெடுநேரம் நின்றேன். வட்டமான கல்மதிலுக்குள் ஹான்காக் குடும்பத்தினரின் கல்லறைகள் உள்ளன. 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹான்காக் தம் கையாலேயே அங்கு அடக்கம் செய்தார். வெறும் எண்ணுக்காகத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும்போது, அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது மனத்தில் உறைக்கிறது. சாந்தில்லாமல் அடுக்கிய மதில்களில் பெட்டி ஒளிப்பதை இந்நாட்டு ஜியோகேஷிங் விதிகள் தடுக்கின்றன. அந்தக் கல்லறைகளைச் சுற்றி யாரும் கல்லைப் பெயர்த்துத் தேடக்கூடாது என்ற வகையில் அது மிகவும் நியாயமான விதி என்பேன்.

ஸ்டோனி மிடில்டனுக்கு இறங்கும் பாதையில் உள்ள எல்லைக்கல், ஈம் மக்களைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றியது. அந்தக் கல்லில் ஆறு குழிகள் உள்ளன. நோய் தொற்றாதிருக்க அவற்றில் வினிகரை ஊற்றி, அதில் காசுகளை இட்டுச் சென்றனர். அண்டை ஊரார் அந்தக் காசை எடுத்துக்கொண்டு உணவையும் மருந்தையும் வைத்துவிட்டுப் போயினர். சாட்ஸ்வொர்த்தில் இருந்த டெவன்ஷயர் பிரபுவும் பொருட்களை அனுப்பி உதவினார். ஈம் கதையை ஒரு கிராமத்தின் தியாகமாக மட்டுமே சொல்வது வழக்கம். ஆனால் தேவாலயத்திலிருந்து இந்தக் கல் வரை நடந்து பார்த்தால், அந்தத் தனிமை வெளியூராரின் நாணயத்தையும் நம்பியே நிலைத்தது என்பது புரிகிறது. அவர்கள் வராமல் இருந்திருந்தால் ஊரார் பட்டினியால் எல்லையைத் தாண்டியிருப்பார்கள்.

தொற்றுக்கு அஞ்சித் திறந்தவெளியில் வழிபாடு நடந்த கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில் மரங்கள் அடர்ந்திருப்பதால், ஜிபிஎஸ் கருவி காட்டும் இடம் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது. அங்கு சற்று நேரம் அசையாமல் நின்று சராசரி அளவை எடுப்பதே பயனளித்தது. எல்லைக்கல்லைப் போலவே பொருட்களை வைத்துச் செல்லப் பயன்பட்ட, ஊருக்கு வடக்கே மேட்டில் இருக்கும் மொம்பெசன் கிணறுதான் நான் இன்னும் போய்ப் பார்க்க வேண்டிய இடம். சூத்திரத்தின் கடைசி எண் அங்கே கிடைத்தால், பெட்டியைத் திறந்து பதிவுத்தாளில் பெயரெழுத வேண்டியதுதான் பாக்கி.