வாடகையும் சேவைச் செலவுதான்

ஒரு சிறிய தன்னார்வ அமைப்பின் வரவு செலவுக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். மாலை நேர வகுப்புக்காக எங்களுக்குக் கிடைக்கும் மானியத்தில் நோட்டுப் புத்தகத்துக்கும் கரும்பலகைக்கும் பணம் உண்டு; வகுப்பு நடக்கும் அறையின் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கிடையாது. கணக்கு எழுதும் பெண்ணுக்கு ஒருமுறை மூன்று மாதச் சம்பளம் பாக்கி விழுந்தது. அந்த மூன்று மாதங்களில் அவர் தயாரித்த பயன்பாட்டுச் சான்றிதழை, அதாவது மானியம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் சான்றை, வைத்துத்தான் அடுத்த தவணையே வந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

எனவே, அரசிடம் நிதியைக் கூட்டுங்கள் என்று மட்டும் கேட்பது போதாது. நிர்வாகச் செலவை வீண்செலவாகப் பார்க்கும் விதியையே மாற்றும்படி கேட்க வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. சேவைக்கான முழுச் செலவையும் அமைப்புகள் பெற வேண்டும் என்ற கொள்கையை பிரிட்டன் அரசு 2002ஆம் ஆண்டிலேயே ஏற்றது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, தன்னோடு தனி விகிதம் பேசி முடிக்காத அமைப்புகள் மறைமுகச் செலவுக்காக, அதாவது வாடகை, கணக்கு எழுதுதல் போன்ற பொதுச் செலவுக்காக, விரிவான ஆதாரம் காட்டாமலேயே கோரக்கூடிய அளவை, 2024 அக்டோபர் முதல் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தியது. இந்தியாவிலோ, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம், அந்த நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. சிறிய அமைப்புகளையே இது அதிகம் வருத்தும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் பத்துப் பேருக்குச் சேவை செய்தாலும் ஆயிரம் பேருக்குச் செய்தாலும் தணிக்கையும் ஆண்டறிக்கையும் கட்டாயம்.

மானியம் ஓராண்டுக்கு மட்டும் என்றில்லாமல் மூன்றாண்டுகளுக்கு உறுதி செய்யப்பட வேண்டும் என்பதும், முதல் தவணை வேலை தொடங்கும் முன்பே வர வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த கோரிக்கைகள்.

கோரிக்கையைக் கொடுக்கும் நேரமும் முக்கியம். வரவு செலவுத் திட்டம் தாக்கலான பிறகு மனு கொடுத்துப் பயனில்லை. துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் மாதங்களிலேயே அதிகாரிகளையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் சந்திக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு மாதம் பாடம் நடத்த ஆகும் உண்மையான செலவை, எதையும் மறைக்காமல், ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் இம்முறை அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அதன் முதல் வரியே அறை வாடகை, இரண்டாவது வரி கணக்கரின் சம்பளம்.