கண்ணுக்குத் தெரியாத 13

லினக்ஸ் சர்வரில் ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டினால் ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று பதில் வருகிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது, இயக்கும் பெர்மிஷனும் இருக்கிறது. பாத் தவறோ என்று தேடியே பலருக்கு அரை நாள் போய்விடும். விண்டோஸில் சேமித்த கோப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வரி முடிவைத்தான்.

லினக்ஸும் இன்றைய மேக்கும் வரியை எல்எஃப் என்ற ஒரே பைட்டால் முடிக்கின்றன. அதன் எண் 10. விண்டோஸ் அதற்கு முன்னால் சிஆர் என்ற 13-ஐயும் வைக்கிறது. டெலிடைப் காலத்து மிச்சம் இது: அச்சுத் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒன்று, தாளை ஒரு வரி நகர்த்த இன்னொன்று. ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரி ‘பாஷ்’ என்று முடியும் இடத்தில் இந்த 13 ஒட்டிக்கொண்டால், லினக்ஸின் மையமான கெர்னல் அதையும் பெயரோடு சேர்த்தே தேடும். ஆக, இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அந்தப் பெயரில் அதை ஓட்டும் நிரல், அதாவது இன்டர்பிரெட்டர். நிரலைத் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னர் எழும்போதே விழுவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

இதைவிட ஆபத்தானது சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு. ஸ்கிரிப்டாவது நின்றுபோகும்; தரவு சத்தமில்லாமல் தப்பாகும். கடைசி நெடுவரிசையில் பின்கோடு இருக்கிறது, 6 இலக்கம். நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. வேறொரு பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு வரிகூடப் பொருந்தாது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். அந்த மதிப்பை நடுவில் வைத்து ஒரு செய்தியை அச்சிட்டால் கர்சர் வரித் தொடக்கத்துக்கு ஓடி, மீதி எழுத்துகள் முன்னதின் மேலேயே விழும். எர்ரர் செய்தியின் தலைப்பகுதி காணாமல் போயிருந்தால் 13-ஐத் தேடுங்கள்.

ஊகிக்க வேண்டாம், பைட்டைப் பாருங்கள். ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய ‘ஏ’ ஆப்ஷன் கொடுத்தால் வரிக் கடைசியில் தொப்பிக்குறி, எம், டாலர் மூன்றும் தெரியும். டாலர் மட்டும் என்றால் சுத்தம். ‘டாஸ்2யூனிக்ஸ்’ ஒரே கட்டளையில் சரிசெய்துவிடும். ஆனால் எல்லா இடத்திலும் 13-ஐ உரித்துவிடக் கூடாது: மின்னஞ்சல் நெறிமுறைக்கு இரண்டு பைட்டும் வேண்டும், விண்டோஸ் கட்டளைகளைத் தொகுத்த பேட்ச் கோப்பில் எல்எஃப் மட்டும் இருந்தால், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ‘கோட்டூ’ சில நேரம் தன் லேபிளைக் கண்டுபிடிக்காது.

குழு வேலையில் ஒவ்வொருவர் கணினியிலும், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ மென்பொருளில் வரி முடிவைத் தானே மாற்றும் ‘ஆட்டோசிஆர்எல்எஃப்’ செட்டிங்கை நம்புவது சரிப்படாது. புதிதாகச் சேர்ந்தவர் அதை மாற்ற மறப்பார். விதியை, கோப்புகள் எல்லாம் இருக்கும் கிட் களஞ்சியமான ரெப்போவிலுள்ள ‘டாட் கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் எழுதுங்கள். குளோன் செய்கிறவர் எல்லோருக்கும் அது கூடவே போகும். ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப், பேட்ச் கோப்புகளுக்கு இரண்டும், படங்களுக்கு பைனரி. பழைய கோப்புகளை ‘கிட் ஆட்’ கட்டளையின் ‘ரீநார்மலைஸ்’ ஆப்ஷனால் ஒரே முறையில் மாற்றலாம். திறந்த பிராஞ்சுகள் (தனிக் கிளைகளாக நடக்கும் வேலைகள்) குறைவாக இருக்கும் நாளில், வேறெதையும் கலக்காமல், தனி கமிட்டாக (ஒரே பதிவாக) செய்யுங்கள். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் ‘பிளேம்’ கட்டளையில், மாறிய ஒவ்வொரு வரிக்கும் அந்த கமிட்டைச் செய்தவர் பெயரே வரும் என்பதால், அந்த கமிட்டின் எண்ணை ‘இக்னோர் ரெவ்ஸ்’ கோப்பில் சேர்த்துவிடுங்கள், கிட் 2.23-லிருந்து இந்த வசதி உண்டு.