எலுமிச்சம்பழமும் அஸ்வினும்

இன்று காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறிக்கடை அண்ணன், எனக்கு நிறுத்துத் தர வேண்டிய எலுமிச்சம்பழத்தை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்பின் சுழற்பந்து இடக்கை மட்டையாளரை விட்டு எப்படி வெளியே திரும்பும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஆள்காட்டி விரல் ஓரத்தில் பழைய காய்ப்பு.

"ஓவல்ல அஸ்வினை உட்கார வச்சாங்களே தம்பி, இன்னும் ஆறல."

எனக்கும்தான். லண்டன் ஓவல் மைதானத்தில் 2023 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. எதிரே ஆஸ்திரேலியாவின் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என இடக்கையர்கள் வரிசை. டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஆஃப் ஸ்பின்னர் அஸ்வின் அணிக்கு வெளியே. ஹெட் மட்டுமே 163 ரன், இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

சரி, மேகமூட்டம், ஆடுகளத்தில் புல், அதனால் அவருக்குப் பதில் நான்காவது வேகப்பந்து வீச்சாளர், புரிகிறது. ஆனால் வெயில் வந்த பிறகும் ஆட்டம் இருக்கிறதே!

அண்ணன் அந்தப் பழத்தையும் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.