சிவப்பும் பச்சையும்

"ரொம்ப நேரம் உத்துப் பாக்காதீங்க கண்ணு, கூசும்."

சென்னிமலையில் இன்று காலை, தறியிலிருந்த போர்வை முன்னால் நான் நகராமல் நின்றதைப் பார்த்து, அதை நெய்த பெரியவர் சொன்னார்.

அடர்சிவப்புப் பட்டை. அதை ஒட்டியே பச்சை. இரண்டும் தொடும் விளிம்பு மட்டும் துடித்தது. தறி நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

விக்டர் மொஸ்கோசோ ஞாபகம் வந்துவிட்டார்.

1936இல் ஸ்பெயினில் பிறந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், நிறங்களின் உறவை ஆராய்ந்த ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்தவர். 1960களில் சான்பிரான்சிஸ்கோ இசை நிகழ்ச்சிகளுக்கு சைகடெலிக் என்கிற, கண்ணை மயக்கும் பாணியில் போஸ்டர்கள் வரைந்தார். எதிரெதிர் நிறங்களை ஒரே அடர்த்தியில் ஒட்டி வைப்பார். எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும், படமே அதிரும். போஸ்டர் என்றால் சட்டென்று படிக்க முடியணும் என்ற பாடத்தையே தலைகீழாக்கினார். நின்று, தவித்து, எழுத்தைக் கண்டுபிடிக்க வைத்தார். எவ்வளவு பெரிய துணிச்சல்!

அவரைப் பார்த்துத்தான் நான் நிறம் வைக்கவே பழகினேன். அந்த அதிர்வு கடல் தாண்டி வந்தது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அம்மிச்சி வீட்டுத் திண்ணையில், மார்கழிக் குளிரில், தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு நூல் நூலாகப் பார்த்துக் கிடந்தது இதே சிவப்பு, இதே பச்சை.

ஒன்று வாங்கி வந்தேன். வரையும் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன்.