இடது முதுகுக்குப் போன மூச்சு

தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. மகளுக்கு அப்போது 12 வயது. முதுகை வழித்துக்கொண்டே வந்தால், வலது தோள்பட்டைக்குக் கீழே கை மேடேறி இறங்குகிறது. இடது பக்கம் அதே இடத்தில் குழி. "நேரா உக்காரு கண்ணு" என்றேன். "நேராத்தாம்மா உக்காந்திருக்கேன்" என்றாள்.

முதலில் பார்த்த மருத்துவர், பள்ளிக்கூடப் பை கனம் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்தார். அதில் இரண்டு மாதம் போனது. மனசு கேட்காமல் கோவையில் ஒரு முதுகுத்தண்டு மருத்துவரிடம் போனோம். அவர் அவளை இரண்டு கைகளையும் சேர்த்துக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து பார்த்தார். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போல ஒரு சின்னக் கருவியை முதுகின் குறுக்கே வைத்தார். குண்டு ஒரு பக்கமாக ஓடி 9-ல் நின்றது. அப்புறம் நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "படுக்க வெச்சு எடுத்திருக்காங்களா? படுத்தா வளைவு கொஞ்சம் நிமிர்ந்துக்கும். நிக்க வெச்சு, கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே படமா எடுத்துட்டு வாங்க" என்றார்.

நிற்க வைத்து எடுத்ததில் 27 டிகிரி. வளைவின் மேல் முனையில் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புக்கு ஒரு கோடு, கீழ் முனையில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் உள்ள சாய்வுதான் காப் கோணம். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பேர். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லையாம். வளரும் பிள்ளைக்கு 25-ஐத் தாண்டினால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் கூடு; 45, 50 என்று போனால் அறுவை சிகிச்சைப் பேச்சு. மகள் வயதுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டார். இல்லை என்றேன். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் விளிம்பைக் காட்டி, "வளர்ச்சி நிறைய பாக்கி இருக்கு. வளைவு கூடுறதும் அந்தச் சமயத்துலதான்" என்றார்.

பையும் காரணமில்லை, உட்காரும் விதமும் காரணமில்லை, இந்த வயதில் வருவதில் பெரும்பாலும் காரணமே தெரியாது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. "கூன் போடாதே" என்று ஒரு வருஷமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

பிரேஸ் வேண்டாம், உடற்பயிற்சி மட்டும் போதாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். போதாது என்று நேராகவே சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார்: பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியை எட்டவில்லை, போடாதவர்களில் அப்படி எட்டாதவர்கள் 48 சதவீதம் பேர்தான். எத்தனை மணி நேரம் போடுகிறோமோ அத்தனை பலன். ஆக, ஒரு நாளைக்கு 18 மணி நேரம் பிரேஸ், கழற்றி வைக்கும் நேரத்தில் ஷ்ரோத் என்ற, மூச்சை வைத்துச் செய்யும் முதுகுப் பயிற்சி. கரூர் வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பிள்ளை. தையல் உறுத்தாத பருத்தி பனியனை உள்ளே போட்டு, நாளைக்கு மூன்று முறை மாற்றினோம். பிரேஸ் கதை இவ்வளவு போதும்.

பயிற்சிதான் எனக்குப் புதிது. மாதம் இரண்டு சனிக்கிழமை கோவைக்குப் பஸ். குனிந்து நிமிரச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனால், பிசியோ மேடம் முதல் நாள் முழுக்க நிற்க மட்டுமே கற்றுக்கொடுத்தார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்க வைத்து, அவள் முதுகை அவளுக்கே காட்டினார். இடுப்பை நேராக்கு, உச்சந்தலையால் மேலே வளர், அப்புறம் மூச்சு. ஒரு பலூனைப் பாதி ஊதி விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. இன்னும் ஊதினார், குழி எழுந்தது. "இதுதான் பாப்பா விஷயம்" என்றார். ஜெர்மனியில் 1894-ல் பிறந்த கத்தரினா ஷ்ரோத் என்ற பெண்ணுக்கும் இதே வளைவாம். 16 வயதில் பிரேஸ் போட்டவராம். பலூனைப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று தானே பழகி, 1921-ல் மைசன் ஊரில் மற்றவர்களுக்குக் கற்றுத்தரத் தொடங்கினாராம். அந்தக் கதை அவளுக்குப் பிடித்துப்போனது.

மேடம் என் உள்ளங்கையை எடுத்து அவள் இடது முதுகின் குழியில் வைத்தார். "அம்மா கையைத் தள்ளு. தோளால இல்ல, மூச்சால." பத்து முறை இழுத்தும் கை அசையவில்லை. மேடாக இருக்கிற வலது பக்கம்தான் இன்னும் உப்பியது. நான்காவது வகுப்பிலோ ஐந்தாவதிலோ, நூல் அளவுக்கு என் கை பின்னால் வந்தது. "தள்ளிட்டேனா?" என்று திரும்பிக் கேட்டாள், கேட்டதில் மொத்தமும் கலைந்தது. மூச்சு விடும்போது 'ஸ்ஸ்' என்று மெதுவாக விட்டுக்கொண்டே, பிடித்த நிலை கலையாமல் உடம்பை இறுக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சும்மா படுத்திருப்பது போலத்தான் இருக்கும். அவளுக்கோ நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும்.

வீட்டில், பயிற்சிக்குப் பிடித்துக்கொள்ளும் சுவர் ஏணிக்குப் பதில் ஜன்னல் குறுக்குக் கம்பி. குப்புறப் படுக்கும்போது வைக்க அரிசிப் பைகள்: வலது தோளுக்கு அடியில் ஒன்று, இடது முன் விலாவுக்கு அடியில் ஒன்று. இது அவள் வளைவுக்குச் சொன்னது. இடது பக்கம் வளைந்த பிள்ளைக்கு அப்படியே மாறும். யூடியூபைப் பார்த்துச் செய்ய முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் பையிலிருந்து வண்டு ஊர்ந்து வர, அவள் அலறியடித்துக்கொண்டு எழுந்தாள். பைகளைப் பிரித்து, அரிசியை வெயிலில் காயவைத்து, வேப்பிலைச் சருகோடு சேர்த்துத் தைத்தேன்.

தினமும் 40 நிமிடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நடந்தது வாரத்துக்கு ஐந்து நாள். பரீட்சை வந்தால் மூன்று. பள்ளி யோகா ஆசிரியர் சக்ராசனம் போட்டால் சரியாகிவிடும் என்றார். அவளுக்குப் பின்பக்கம் அதிகம் வளைக்கும் பயிற்சிகள் வேண்டாம் என்று மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அத்தை, "வெளிய சொல்லாத, நாளைக்குக் கட்டிக்குடுக்கணும்" என்றார். மகள் மறுநாளே வகுப்பில் பிரேஸைத் தட்டிக் காட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

நடுவில் ஒரு மாதம் எதுவும் செய்ய மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். நான் கத்தியது தப்பு. மேடம்தான் வீடியோ காலில் வந்து, ஐந்து பயிற்சியை இரண்டாக்கி வழிக்குக் கொண்டுவந்தார்.

பிரேஸ் போட்டு 10 மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் 24 டிகிரி. நான் இனிப்பு வாங்கப் பையை எடுத்தேன். மருத்துவர் சிரித்துவிட்டு, "அளக்குறதுலயே 5 டிகிரி வரைக்கும் முன்னப் பின்ன இருக்கும்மா. குறைஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். கூடல, அதுதான் நமக்கு வேணும்" என்றார். இந்த 10 மாதத்தில் அவள் 6 செ.மீ. வளர்ந்திருந்தாள். எப்படியும் மைசூர்பாகு வாங்கினேன்.

இந்தத் தீபாவளிக்கு, "நானே தேச்சுக்கறேன், முதுகுக்கு மட்டும் நீ வா" என்றாள். வலது பக்கம் மேடு இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். எண்ணெய்க் கை இடது பக்கம் போனதும், நான் எதுவும் சொல்லாமலே மூச்சை இழுத்து என் கையைத் தள்ளினாள்.

"சும்மா இரு, எண்ணெய் வழுக்குது" என்றேன்.